நாளைக்கு மிசின் வராது

தீபாவளியன்று விடிய ஐந்தரைக்கு நான் செய்த முதல் வேலை எண்ணெய் வைத்ததும் இல்லை, விளக்கேற்றியதும் இல்லை. நிறைந்த உரப்பை ஒன்றையும் மூடி போட்ட வாளி ஒன்றையும் படலைக்கு வெளியே இழுத்துப்போய் வைத்தேன். அன்று 2025 ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. எங்கள் ஒழுங்கையில் திங்கள்தான் குப்பை எடுக்கிற நாள். தீபாவளிக்கு லீவு என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் தையல் தைக்கிறவள். தீபாவளிக்கு முந்திய மூன்று கிழமையும் எனக்கு இரவும் பகலும் ஒன்றுதான். கடைசி பிளவுஸுக்குக் கொக்கி வைத்து முடித்தபோது இரவு இரண்டு மணி. எனக்கே லீவில்லாத நாளில் குப்பை எடுக்கிற உழவு மிசின்காரருக்கு லீவிருக்கும் என்பது மண்டையில் ஏறவில்லை.

ஏழு மணிபோல மகன் ஓடி வந்தான். "அம்மா, ஒழுங்கை முழுக்கக் கலர் கலராக் கிடக்குது."

போய்ப் பார்த்தேன். நாய்கள் உரப்பையை நடுவால் கிழித்து, மூன்று கிழமைத் தையலின் வெட்டுத்துண்டுகளை எல்லாம் வெளியே இழுத்திருந்தன. மயில்நீலம், மாம்பழ மஞ்சள், சரிகைக்கரை, லைனிங் வெள்ளை. கடைசி வீடு வரைக்கும் ஒரு தோரணம். பக்கத்து வளவு முட்கம்பியில் ரோஸ் நிறச் சற்றின் துண்டொன்று சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அந்த வளவு மாமி கையில் விளக்குமாறோடு நின்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உது என்ரை துணியெல்லோ? மட்டுமட்டு, மிச்சம் ஒண்டுமில்லை எண்டு சொன்னனீர்."

நாலு விரல் அகலத் துண்டு அது. கைப்பிடி வெட்டும்போது விழுந்தது. அதற்குள் ஒரு பிளவுஸ் இல்லை, ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஆனால் தையல்காரியின் குப்பை வீதிக்கு வந்தால் அவள் சொன்ன கணக்கும் வீதிக்கு வந்துவிடும். மாமியிடம் அந்தத் துண்டை எடுத்து விரித்துக் காட்டினேன். "சரி, சரி" என்றார். அந்தச் சரிக்குள் நம்பிக்கை பெரிதாக இருக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் கேதாரகௌரி விரதம். இருபத்தொரு நாளும் அடுக்களையில் மச்ச மாமிசம் இல்லை. வாளிக்குள் இருந்ததெல்லாம் பூசணித்தோலும் வாழைக்காய்த் தோலும் தேங்காய்த் தும்பும்தான். ஒழுங்கையின் மற்றப் பக்கத்தில் தீபாவளிக்குப் பங்கு ஆடு அடித்திருந்தார்கள். அந்தக் குடலில் ஒரு முழம் நாய் வாயோடு வந்து, எங்கள் பூசணித்தோலுக்கு மேலே, எங்கள் படலை வாசலில் கிடந்தது. காப்புக் கட்டப் போகிற நாளில் அம்மா அதைக் கண்டுவிட்டார். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

இவ்வளவும் ஏன் நடந்தது என்று யோசித்ததில்தான் இந்தப் பதிவு. குப்பை எடுக்கிற உள்ளூராட்சிச் சபை எது, ஊர் எது என்று எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் உள்ளவர்களுக்கு இது போதும்.

எங்கள் முறை இப்படி. திங்கள்தோறும் உக்குகிற குப்பை. உக்காதது, அதாவது பிளாஸ்ரிக், கடதாசி, கண்ணாடி, தகரம், இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன். உழவு மிசின் ஒன்று, பெட்டி ஒன்று, ஓட்டுகிற தம்பி ஒருவர், பெட்டியில் நின்று வாங்குகிற அக்கா ஒருவர், கீழே நடந்து எடுத்துக் கொடுக்கிற இருவர். பொது விடுமுறை என்றால் வரமாட்டார்கள். இதில் எனக்கு வழக்கு இல்லை. நாங்கள் எண்ணெய் வைத்து முழுகுகிற நாளில் அவர்கள் எங்கள் வாளியைக் கொட்ட வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்பது? என் வழக்கு வேறு. வராத நாள் எது, அதற்குப் பதில் எந்த நாள் என்று முதல் நாள் பொழுதுபடுவதற்குள் ஒருவரும் சொல்வதில்லை.

விடுமுறை என்றால் முன்பே தெரிகிற விஷயம்தானே, கலண்டரைப் பார்த்தால் போயிற்று என்று கேட்கலாம். பார்த்தேன். தீபாவளி முடிந்த பின்னேரம், காப்போடு உட்கார்ந்து, மருந்துக்கடையில் தந்த 2025 கலண்டரில் ஜனவரியிலிருந்து திங்கள் நிரை முழுவதையும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். ஜனவரி 13 துருது போயா (போயா என்றால் இங்கே மாதாமாதம் வரும் பௌர்ணமி லீவு). மார்ச் 31 ரம்ழான். ஏப்ரல் 14 சித்திரைப் புதுவருடம். மே 12 வெசாக். ஒக்டோபர் 6 வப் போயா. ஒக்டோபர் 20 தீபாவளி. ஆறு திங்கள். இதே மிசின் புதன் போகிற ஒழுங்கைகளுக்கு இந்த வருடக் கலண்டரில் மூன்று நாள்தான் அடிபட்டிருக்கிறது: பெப்ரவரியில் நவம் போயாவும் சிவராத்திரியும், இனி வரப்போகிற நவம்பர் 5 இல் போயாவும். ஒரே வரி கட்டுகிறோம். அவர்களுக்கு மூன்று, எங்களுக்கு ஆறு.

இதில் ஒக்டோபர்தான் மோசம். செப்ரெம்பர் 29 இல் எடுத்தார்கள். 6 ஆம் திகதி போயா, வரவில்லை. 13 இல் வந்தார்கள். 20 இல் தீபாவளி, வரவில்லை. நேற்று 27 இல் வந்தார்கள். கிழமைக்கொரு தடவை என்று இருந்தது ஒரு மாதம் முழுக்க இரண்டு கிழமைக்கொரு தடவை ஆகிவிட்டது.

முதலில் இதைத் தற்செயல் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் தற்செயல் இல்லை. போயா பௌர்ணமியில். தீபாவளி ஐப்பசித் தேய்பிறையின் கடைசியில், அமாவாசையை ஒட்டி. பௌர்ணமிக்கும் அதற்கும் இடையில் பதினாலு பதினைந்து நாள். பதினாலாக விழுந்தால் சரியாக இரண்டு கிழமை. ஆகவே வப் போயா திங்களோ செவ்வாயோ எந்த நாளில் வருகிறதோ தீபாவளியும் அதே நாளில் வந்து உட்கார்ந்துவிடும். போன வருடக் கலண்டரை அலுமாரிக்குப் பின்னால் இருந்து இழுத்துப் பார்த்தேன் (தையல்காரி வீட்டில் பழைய கலண்டர் எறிவதில்லை, பின்பக்கம் அளவு வெட்ட உதவும்). 2024 ஒக்டோபர் 17 வியாழன் போயா. 31 வியாழன் தீபாவளி. அப்போது வியாழக்கிழமைக்காரருக்கு அடி. இந்த வருடம் எங்களுக்கு.

மற்றது, போயா ஒரே கிழமைநாளில் நின்றுபிடிக்காது. சந்திரன் சுற்றி வர இருபத்தொன்பதரை நாள். நாலு கிழமை என்றால் இருபத்தெட்டு. அந்த ஒன்றரை நாள் மிச்சம் மாதாமாதம் போயாவை முன்னே தள்ளிக்கொண்டே போகும். செப்ரெம்பர் 7 ஞாயிறு, ஒக்டோபர் 6 திங்கள், நவம்பர் 5 புதன், டிசம்பர் 4 வியாழன். எந்த நாளைக் குப்பை நாளாக வைத்தாலும் போயா ஒருநாள் தேடி வந்து பிடிக்கும்.

தங்கச்சி ரொறன்ரோவில் இருக்கிறாள். தீபாவளி இரவு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கும்போது இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "எங்களுக்குத் திங்களில எடுக்கிறதே இல்லை அக்கா. செவ்வாயிலயிருந்து வெள்ளி வரைக்கும்தான். இஞ்ச லீவு கனக்கத் திங்களிலதான் வரும், அதால பிரச்சினை இல்லை" என்றாள். கெட்டிக்காரர்கள். ஆனால் இங்கே அது சரிவராது. எங்கள் லீவை நடத்துவது சந்திரன். அதற்குத் திங்களும் தெரியாது வெள்ளியும் தெரியாது. அவளுக்கும் இரவில் ரக்கூன் வந்து மூடியைத் திறக்கிறதாம், அதை மட்டும் கேட்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அம்மாவுக்கு இது ஒன்றும் புதுமை இல்லை. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில், 1966 இலிருந்து 1971 வரை, இந்த நாட்டில் ஞாயிறே லீவில்லை. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமி, அதுதான் லீவு. ஞாயிறு வேலைநாள். "ஒரு கிழமைக்கு ஆறு நாள், மற்றக் கிழமைக்கு எட்டு நாள். எங்கட ஐயா பஞ்சாங்கத்தைப் பாத்துத்தான் எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினவர்" என்பார். அப்போது குப்பை? "குப்பையெண்டு என்ன இருந்தது? கூட்டினால் மாவடியில, சாணியெண்டால் எருக்கிடங்கில. மிசின் வந்து எடுக்க ஆருக்கு வேணும்?" என்றார். யோகட் கப்பும் நூடில்ஸ் பைக்கற்றும் பம்பஸும் இல்லாத வளவுக்குக் கலண்டர் தேவைப்படவில்லை என்பது உண்மைதான்.

புதன்கிழமை சபைக் கந்தோருக்குப் போனேன். மற்ற ஒழுங்கைப் பெண்கள் இருவரும் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. வாசலில் நிறம் நிறமாகத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள்: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து என் மகனுக்கு இது மனப்பாடம். நிறம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாள்தான் தெரியாது.

உள்ளே இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். "அறிவித்தல் பலகையில போட்டிருக்கு அக்கா." போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. கண்ணாடிக்குள், கேள்விகோரல் பத்திரம் ஒன்றின் கீழே பாதி மறைந்து, ஒரே ஒரு வரி: பொது விடுமுறை தினங்களில் கழிவகற்றல் சேவை நடைபெறாது. அதற்குப் பதில் எந்த நாள்? இல்லை. நான் இந்தப் பலகையைப் பார்க்க முச்சக்கரவண்டி பிடித்து நகருக்கு வரவேண்டும் என்றால், குப்பையையும் ஏற்றிக்கொண்டே வந்திருக்கலாம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல், இந்த வருடம் மே 6 இல் தேர்தல் நடக்கும் வரை, இதைக் கேட்க உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை. இப்போது எங்கள் வட்டாரத்துக்கு ஒருவர் இருக்கிறார். கந்தோர் வாசலில் நின்றே அவருக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நானும் அண்டைக்கு வெளியில கொண்டுபோய் வைச்சிட்டன் அக்கா" என்றார். அவர் மேல் எனக்கு அந்த நிமிடம் ஒரு மதிப்பு வந்தது.

உண்மையான விளக்கம் கிடைத்தது நேற்றுத்தான், பெட்டியில் நிற்கிற அக்காவிடம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மதிலோரம் இருத்தி வைத்துக் கேட்டேன். ஒரு நாள் விடுமுறை என்றால் எல்லா ஒழுங்கையும் ஒரு நாள் பின்னே தள்ளிப் போகும் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதனால்தான் வப் போயாவுக்கு அடுத்த நாள், செவ்வாய், பையை மறுபடி வெளியே வைத்துவிட்டு நாள் முழுக்கக் காவல் இருந்தேன். அப்படி இல்லையாம்.

"ஒரு மிசின் தங்கச்சி. லீவு கழிஞ்ச அடுத்த நாள் முதல் சந்தைதான். சந்தை நாறினால் ஊரே கத்தும். பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம், பஸ் ஸ்ராண்ட். அதோட பெட்டி நிறைஞ்சிடும். மிச்ச நேரத்தில அண்டைய ஒழுங்கைக்குத்தான் வரலாம். உங்கட ஒழுங்கை அடுத்த கிழமைதான்."

அதாவது தள்ளிப்போவது இல்லை, விட்டுப்போவது. இது தெரிந்திருந்தால் அன்று செவ்வாய் முழுக்க நான் காவல் இருந்திருக்க மாட்டேன், ஒரு பாவாடை தைத்திருப்பேன்.

"போயாவிலும் ஒரு வித்தியாசம் இருக்கு" என்றார். போயாவில் இறைச்சிக்கடை பூட்டு, சாராயக்கடை பூட்டு. அடுத்த நாள் சந்தையில் இறைச்சிக் கழிவு இல்லாதபடியால் பெட்டியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். போயாவுக்கு முதல் நாள் வாங்கி வைத்த போத்தல்கள்தான் அந்தக் கிழமை வியாழனில் கிலுகிலு என்று வரும். எந்த வீட்டில் எத்தனை என்று அக்காவுக்குத் தெரியும். சொல்ல மாட்டார். நான் கேட்கவும் இல்லை. கொஞ்சம் கேட்டேன்.

அவர் நாட்சம்பளக்காரி. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. சந்தைக்காகப் போயாவில் கூப்பிட்டால் போவார். தீபாவளிக்கு மட்டும் போகமாட்டாராம். "வருசத்தில ஒரு நாள் எண்டாலும் என்ரை கையில சவர்க்கார மணம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவித் தந்தார். நான் கழுவுகிறேன் என்றதைக் கேட்கவில்லை.

வியாழன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னும் மோசம். கிழமைக்கொரு தடவை எடுக்கிற குப்பையில் ஒரு நாள் விட்டுப்போனால் பதினாலு நாள். இரண்டு கிழமைக்கொரு தடவை எடுப்பதில் ஒன்று போனால் ஒரு மாதம். இந்த வருடம் எங்கள் வியாழனில் மே 1 தொழிலாளர் தினம் விழுந்தது. ஏப்ரல் 17 இல் எடுத்தது, அடுத்தது மே 15. ஜூலை 10 எசல போயா, அதிலும் அதே கதை. இனி டிசம்பர் 25. நத்தார் வியாழன், அதுவும் எங்கள் வியாழன். டிசம்பர் 11 இல் கொடுத்தால் பிறகு ஜனவரி 8 தான்.

வெயில் காலத்தில் இது வெறும் இடைஞ்சல். மாரியில் அப்படி இல்லை. மழை தொடங்கிவிட்டது. படலையடியில் கிடக்கிற யோகட் கப்பில், சிரட்டையில், தகரப்பேணியில் தண்ணி நின்றால் நுளம்பு முட்டையிட்டுப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் காணும். ஒரு மாதம் தேங்கினால் இரண்டு தலைமுறை பார்த்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவைப் பார்த்துத் துண்டு எழுதினால், மிசின் வரவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. போன மாரியில் மாமி ஒருவருக்கு நான் அப்படிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை.

கொளுத்திவிடலாமே என்பார்கள். கொளுத்துகிறார்கள், எங்கள் ஒழுங்கையிலேயே. நான் கொளுத்துவதில்லை. புகைக்காக மட்டும் இல்லை. 2010 இல் நாங்கள் மீளக்குடியமர வந்தபோது, கண்ணிவெடி அகற்றுகிற குழுவினர் படங்களோடு வந்து மரத்தடியில் இருத்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: தெரியாத மண்ணில் தீ மூட்டாதே, தெரியாத மண்ணைக் கிண்டாதே. குப்பையைக் கூட்டி எரித்தபோது மண்ணுக்குள் கிடந்த ஏதோ வெடித்தது என்ற செய்தி வன்னியில் இன்றைக்கும் அபூர்வம் இல்லை. வேறு ஊர்க்காரருக்கு விடுமுறைக் குப்பை என்றால் ஒரு கிடங்கு வெட்டித் தாட்டால் முடிந்தது. எங்களுக்கு எங்கே வெட்டுவது என்பதிலேயே கணக்கு இருக்கிறது. என் எருக்கிடங்கு அடுக்களைக்குப் பின்னால், சுவரிலிருந்து மூன்றடியில் இருக்கிறது. வாஸ்து இல்லை. ஐந்தரை இலட்சம் ரூபா இந்திய வீட்டுத் திட்டத்தில் அத்திவாரம் வெட்டியபோது ஏற்கெனவே கிண்டிப் பார்த்த மண் அது ஒன்றுதான்.

இந்த நாட்டில் குப்பையால் நடந்த பெரிய சாவும் ஒரு விடுமுறை நாளில்தான் நடந்தது. 2017 ஏப்ரல் 14, புதுவருடத்தன்று, கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர். அன்று நான் தொலைக்காட்சிக்கு முன்னால் பலகாரத் தட்டோடு இருந்தேன். மிசின் கொண்டுபோகிற குப்பை எங்கே போகிறது என்று முதன்முதல் யோசித்தது அன்றைக்குத்தான்.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ஓட்டுகிற தம்பியிடம் வட்ஸ்அப் இருக்கிறது. ஒழுங்கையில் பதினெட்டு வீடு. பதினாலு பேரை ஒரு குழுவில் சேர்த்தேன். மிச்ச நாலு வீட்டுக்குச் சின்னப் போன்தான், அவர்களுக்கு மகன் சைக்கிளில் போய்ச் சொல்வான். தம்பி செய்யவேண்டியது ஒன்றுதான்: வராத நாளுக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு குரல்செய்தி, "நாளைக்கு மிசின் வராது" என்று. அவருடைய சம்பளத்தில் இது இல்லை, அவருடைய டேற்றாவில்தான் போகிறது. ஆகவே குழுவில் காலை வணக்கம், பூப்படம், சாமிப்படம் ஒன்றும் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் நாளே ஒரு பிள்ளையார் வந்தார்.

கலண்டரில் திங்கள் விடுமுறைக்குச் சிவப்பு வட்டம், எங்கள் வியாழனுக்குப் பச்சைக் கோடு, விடுமுறையான எங்கள் வியாழனுக்கு இரண்டும். பாண் ஓட்டோ போகிற இடத்தில் தொங்கவிட்டால் நல்லது என்று மகன் சொன்னான். அதுவும் சரிதான். பாண் ஓட்டோ மட்டும் போயா, பொங்கல், நத்தார் ஒன்றும் பார்ப்பதில்லை, பாட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடும். அந்த ஓட்டோக்காரர் கடைசிச் சந்தியில் பிரதி ஒன்றை ஒட்டச் சம்மதித்திருக்கிறார்.

மரக்கறித் தோல் இனி வாளிக்குப் போவதில்லை, எல்லாம் எருக்கிடங்கில். மீன் செதிலும் குடலும் அம்மா சொன்னபடி தென்னையடியில், ஒரு முழ ஆழத்தில், மேலே நாய் புரட்ட முடியாத கல். திங்கள் விடுமுறை என்றால் ஞாயிறு மீன் வாங்குவதில்லை, கருவாடு. இதையெல்லாம் செய்தால் உக்குகிற குப்பை என்று மிசினுக்குக் கொடுக்க எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. எனக்கு இது இலகு. நாலாவது வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பம்பஸை எந்தக் கிடங்கிலும் போட முடியாது. விட்டுப்போகிற திங்களின் முழுப் பாரமும் உண்மையில் அந்த வீட்டுக்குத்தான். அவர்களுக்காகவாவது ஒழுங்கைக்கு ஒரு பெரிய மூடி போட்ட தொட்டி கேட்கவேண்டும் என்று உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறேன்.

பேணி, கப், சோடாப் போத்தல் எல்லாம் அலசிக் கவிழ்த்துப் பத்திக்குள். பத்தியில்தான் என் தையல் மிசின் இருக்கிறது, இப்போது அதன் பக்கத்தில் இரண்டு உரப்பை. கண்ணாடிப் போத்தலும் இரும்பும் பழைய இரும்புக்காரருக்கு, அவருக்கு லீவே இல்லை. 2025 நவம்பர் 1 இலிருந்து கடைகளில் சொப்பிங் பை சும்மா தரக்கூடாது என்று சட்டம், காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். குப்பை குறையும் என்கிறார்கள். எனக்கு வேறு ஒரு யோசனை. வெட்டுத்துண்டுகளை ஒட்டிக் கைப்பை தைத்தால் என்ன? லைனிங் வெள்ளை உள்ளுக்கு, மயில்நீலம் வெளியே. முதல் பையை அந்த ரோஸ் சற்றின் துண்டு வைத்துத் தைத்து மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், துணிக் கணக்கு அதோடு தீரட்டும் என்று. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும் போலயே" என்றார்.

அம்மா இரவு கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார், "பொங்கல் எப்ப வருது?"

போனில் பார்த்தேன். ஜனவரி 15. வியாழன். ஒரு நிமிடம் நெஞ்சு திக்கென்றது. விரலால் எண்ணினேன். 8 எங்கள் வியாழன், 22 எங்கள் வியாழன். 15 எங்களுடையது இல்லை.

"தப்பிச்சம் அம்மா."

"வருசப் பிறப்பு?"

"ஏப்ரல் 13, 14 ரெண்டும் லீவு. 13 திங்கள்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன்.

"அப்ப உந்த எருக்கிடங்கை இன்னும் ஒரு முழம் அகலமாக்கு பிள்ளை. சுவர்ப்பக்கமா வெட்டு."